ஆச்சி வீட்டுக் கணினியில் இரண்டு காவல்

1

இந்தக் கதை ஓர் உதவிப் பக்கத்திலிருந்து பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதிகாலையில் ஒரு வரி மனத்தில் மின்னியது, எழுந்து உட்கார்ந்து எழுதினேன் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எனக்கு அதிகாலையில் முதுகு வலிக்கும், அவ்வளவுதான்.

புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு மென்பொருள் நிறுவனங்களின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்குவது என் பிழைப்பு. தமிழாக்குவது என்பதுகூட இப்போது பெரிய பேச்சு. இயந்திரமே தமிழாக்கிவிடுகிறது. அது கொட்டிச் சிந்திய இடத்தைத் துடைக்கத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். போன வாரம் துடைக்க வந்த பக்கத்தின் தலைப்பு: ‘உங்கள் வைரஸ் தடுப்பு இயங்க மறுக்கிறதா?’

மறுக்கிறதா என்றால் என்ன சொல்ல? நானும்தான் தினமும் காலையில் இயங்க மறுக்கிறேன். எனக்கு யாராவது உதவிப் பக்கம் எழுதினார்களா?

ஊரில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்க ஷர்லிக்குப் போன் போட்டேன். ஷர்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். என் கணினி படுத்துக்கொள்ளும்போதெல்லாம் அவள்தான் வந்து எழுப்புவாள்.

“ஆன் ஆவ மாட்டேங்குதும்பாங்க சார். யாரு மறுக்கிறதுன்னு பேசுறா?” என்றாள். பிறகு, “சார், நேத்து ஒரு வீட்டுக்குப் போனேன். அதே பிரச்சினைதான். வந்ததுலேருந்து மனசு சரியில்லை. நீங்க கதையெல்லாம் எழுதுவீங்கள்ல, இதை எழுதுங்களேன்” என்றாள்.

நான் கதை எழுதி வருடக்கணக்காகிறது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, “சொல்லு” என்றேன்.

2

தொடக்கங்கள். மூன்று எழுதினேன், நீங்களும் பாருங்கள். நான் மட்டும் ஏன் தனியாகக் கஷ்டப்பட வேண்டும்?

முதல் தொடக்கம்: ‘திருமயம் கோட்டையின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஷர்லியின் ஸ்கூட்டி அந்த மாபெரும் வீட்டின் முன்னால் ஒரு சிறு பூச்சியைப் போல—’

போதும். கோட்டை, வெயில், மாபெரும் வீடு. சுற்றுலாத் துறைக்காரர்கள் காலண்டரில் போட்டுக்கொள்வார்கள்.

இரண்டாவது: ‘மெய்யம்மை ஆச்சி தனியாக இருந்தார். தனிமை என்பது—’

என்பது என்ன? எனக்குத் தெரியவில்லை. ஆச்சி அப்படி ஒன்றும் தூணைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நிற்கிற ஆள் இல்லை என்று ஷர்லி அடித்துச் சொன்னாள். கணினியில் கரண்ட் பில் கட்டுகிறார். ஆன்லைனில் வாங்கிய புடவையின் சாயம் போய்விட்டது என்று கடைக்காரனுக்கு இங்கிலீஷில் நாலு வரி எழுதி, அவன் மறு புடவை அனுப்புகிற வரைக்கும் விடாமல் எழுதினாராம். கான்வென்ட்டில் படித்தவர்.

மூன்றாவது: ‘திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டில், ஒரு கணினியில், இரண்டு வைரஸ் தடுப்புகள் இருந்தன. இரண்டும் ஆன் ஆகவில்லை.’

இதில் அழகு ஒன்றுமில்லை, ஆனால் பொய்யும் இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

இரண்டு எப்படி வந்தன?

ஒன்றை ஆச்சியின் மகன் கணபதி போட்டான். அவன் சென்னையில் இருக்கிறான். அங்கிருந்தபடியே ஆத்தாவின் கணினிக்குள் நுழைந்து நிறுவினான். திரையின் மூலையில் பச்சைக் கேடயம் ஒன்று வந்து உட்கார்ந்தது. இன்னொன்றை மகள் அபிராமி போட்டாள். அவள் பெங்களூரு. அவளும் அங்கிருந்தபடியே நுழைந்தாள். அவளுடையது நீலக் குடை. *

ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாது. தெரிந்திருக்கும், பேசிக்கொண்டிருந்தால். அப்பச்சி, அதாவது அவர்கள் அப்பா, இறந்துபோனதிலிருந்து அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். சொல்லத் தெம்பு இருந்தால்.

இரண்டு பேரும் ஆத்தாவிடம் சொன்னது மட்டும் ஒரே பேச்சு. எதிராளி சொன்னதைக் கேட்காமலேயே அச்சு மாறாமல் சொன்னார்கள். அதுதான் கூடப் பிறந்தவர்கள் என்பது.

“ஏதாச்சும் கோளாறுன்னா சிவப்பு வரும் ஆத்தா. எனக்கும் உடனே போன்ல வந்திரும். சிவப்பு வந்துச்சுன்னா அப்பறம் பேச்சு கிடையாது. வீட்டைப் பூட்டிட்டு எங்கிட்ட வந்திரணும்.”

ஆச்சிக்கு வீட்டைப் பூட்ட இஷ்டமில்லை. மகன் வீட்டுக்குப் போனால் மகள் பேச மாட்டாள், மகள் வீட்டுக்குப் போனால் மகன் வர மாட்டான். இங்கே தன் வீட்டில் இருக்கிறவரைக்கும் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறார்கள். காலையில் ஒருவர், சாயங்காலம் ஒருவர். அது போய்விடக் கூடாது என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கவலை.

பங்குனியில் ஒரு நாள் கணினியைத் திறந்தால் திரை நிறையச் சிவப்பு. ‘உங்கள் கணினி பாதுகாப்பில் இல்லை.’ ஆச்சி ஆன் என்ற இடத்தை அழுத்தினார். ஆன் ஆகி, உடனே அணைந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி அணைந்தது. பிள்ளைகள் போனில் பார்ப்பதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று பதறிப்போய், சில நாள் தானே அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு ஷர்லியைக் கூப்பிட்டார்.

* கேடயம், குடை என்பவை நான் வைத்த அடையாளங்கள். கம்பெனிப் பெயரைச் சொன்னால் எனக்கு வேலை கொடுக்கிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். கதைக்கும் அது தேவையில்லை.

4

ஷர்லி பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டாள். இதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றுமில்லை, உதவிப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு கணினியில் இரண்டு காவல் இருந்தால், இது விழித்தால் அது இதைத் திருடன் என்று அமுக்கும், அது விழித்தால் இது அதை அமுக்கும். கடைசியில் இரண்டும் கிடக்கும், வாசல் திறந்திருக்கும்.

“ரெண்டு போட்டிருக்கீங்களே ஆச்சி! ஒரு உறையில ரெண்டு கத்தி எப்படி இருக்கும்?”

“ஏன் இருக்காது?” என்றார் ஆச்சி. “நான் கல்யாணமாகி வந்தப்போ இந்த ஒரு வீட்டுக்குள்ள எத்தனை அடுப்பு எரிஞ்சுச்சு தெரியுமா? மகனுக்குக் கல்யாணம் பண்ணுனா வேறு வைக்கிறதுதான எங்க வழக்கம்? படுக்கத் தனி உள்ளு, தனி அடுப்பு, தனிச் சாமான். வாசல் மட்டும் ஒண்ணு. என் கொழுந்தன் வீட்டுக் கொழம்பு வாசம் எங்க பக்கம் வரும், எங்களது அவங்க பக்கம் போகும். யாரும் யாரையும் அமுக்கலையே!”

குடை உள்ளே நுழைந்தபோது திரை அவரைக் கேட்டிருக்கிறது: ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை நீக்கட்டுமா? மகள் அந்த நேரம் பெங்களூரு வீட்டில் பால்காரனுக்குக் கதவு திறக்கப் போயிருந்தாளாம். ஆச்சிதான் பதில் சொன்னார். வேண்டாம், இருக்கட்டும். மகன் வைத்ததை மகள் எடுத்ததாக ஆகக் கூடாது. இரண்டும் வேறு வேறாக ஒரு கூரைக்குள் இருந்துகொள்ளட்டும். எந்த உதவிப் பக்கமும் எதிர்பார்க்காத காரணம் இது. செட்டிநாட்டு வீட்டில் வாழ்ந்தவருக்குத்தான் இந்தத் தவறு செய்ய வரும்.

(இந்த இடத்தில் சிரிப்பாக ஏதாவது எழுத நினைத்தேன். எழுதினேன். அடித்துவிட்டேன்.)

“இதுல ஒண்ணை எடுத்தாத்தான் இன்னொண்ணு ஆன் ஆவும் ஆச்சி. எதை எடுக்க?”

ஆச்சி எழுந்தார். காபி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனார். போனவர் வரவே இல்லை. ஷர்லி எழுந்து போய்ப் பார்த்தால், அடுப்பைப் பற்றவைக்காமலேயே பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

5

ஷர்லியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். கதாபாத்திரமாக அவள் ரொம்ப நல்லவளாக வருகிறாள். வாசகர் நம்ப வேண்டுமே என்று அவளுக்கு ஒரு குறை வைக்கலாமா என்று யோசித்தேன். போனில் கேட்டேன்.

“குறையா? அன்னிக்கு எனக்குச் செம கோவம் சார். கந்தர்வகோட்டையில ஒரு ஸ்கூல்ல பிரிண்டர் ரிப்பேர், அங்கிட்டுப் போவணும். இங்கிட்டு இந்தம்மா காபியும் போடல, பதிலும் சொல்லல. ‘சீக்கிரம் சொல்லுங்க ஆச்சி, இது என்ன சம்பந்தம் பேசுறதா’ன்னு கத்திட்டேன்.”

நல்லது. குறை கிடைத்துவிட்டது. கத்தியதால்தான் அடுத்தது நடந்தது என்பதும் இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

6

தெம்பு வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

கத்தலைக் கேட்டு ஆச்சி திரும்பினார். “ஒரு தடவை எடுத்தேன் ஷர்லி. அதுக்கப்பறம் எடுக்கிறதில்லை” என்றார்.

அவர் கணவருக்கு நெஞ்சுவலி வந்த அன்று, ஆம்புலன்ஸில் ஆச்சி இரண்டு காதிலும் இரண்டு போன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றில் மகன்: சென்னைக்கே கொண்டுவாங்க ஆத்தா, பெரிய டாக்டரிடம் பேசிவிட்டேன், எல்லாம் தயார். இன்னொன்றில் மகள்: திருச்சியில் நிறுத்துங்க ஆத்தா, முதலில் பக்கத்தில் காட்டுங்க. திருச்சி நெருங்கியதும் டிரைவர் கேட்டான், “நிப்பாட்டவா, போகவா?” ஆச்சி, “போ” என்றார்.

பெரம்பலூர் தாண்டவில்லை.

மகள் சொன்னாள், அண்ணன்தான் கொன்றான். மகன் சொன்னான், அவள் குழப்பியதில்தான் கிளம்பவே தாமதமாயிற்று. இரண்டு பேரும் ஆத்தாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. போ என்று சொன்னது யார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. அந்த வண்டியின் சைரன் சத்தத்தை வர்ணித்திருந்தேன். வாசித்துப் பார்த்தபோது எனக்கே கூசியது. ஒரு மனுஷியின் துக்கத்தில் நம் நடையழகைக் காட்டக் கூடாது. எடுத்துவிட்டேன்.]

ஒரு சின்னப் படத்தை நீக்குவதற்கு இவ்வளவு யோசனையா என்று நீங்கள் கேட்கலாம். நீக்கினால் போட்டவருக்குச் செய்தி போகும்: உங்கள் குடும்பக் கணினி ஒன்றிலிருந்து பாதுகாப்பு நீக்கப்பட்டது. அந்த வாக்கியத்தைத் தமிழில் வைத்தவனே நான்தான், அதனால் எனக்கு நன்றாகத் தெரியும். மகனுக்குப் போனால், ஆத்தா தங்கையைத்தான் நம்புகிறாள் என்பான். மகளுக்குப் போனால், ஆத்தாவுக்கு அன்றும் அண்ணன், இன்றும் அண்ணன் என்பாள்.

7

ஷர்லிக்குக் கத்தியது வெட்கமாகிவிட்டது. இரண்டையும் வைத்துக்கொண்டே ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்கிறேன் ஆச்சி என்று சொல்லி, கோளாறு எப்போது ஆரம்பித்தது என்று தேடிப் பார்த்தாள். பச்சைக் கேடயத்துக்குள் பழைய அறிவிப்புகள் வரிசையாக இருக்கும் ஒரு பக்கம் உண்டு. திறந்தாள்.

முழுக்கச் சிவப்பு. ஒவ்வொரு நாளுக்கும் இங்கிலீஷில் ஒரு வரி. ‘பாதுகாப்பு நின்றுவிட்டது. உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது.’ கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. மாசி, தை, மார்கழி. ஐப்பசி மழையில்தான் முதல் சிவப்பு. ஆச்சியின் திரையில் பெரிதாகத் தெரிந்தது பங்குனியில்தான், ஆனால் பிள்ளைகளின் போனுக்கு ஐப்பசியிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. நீலக் குடையைத் திறந்தாள். அங்கும் அப்படியே.

மூடிவிட நினைத்தாளாம். அதற்குள் ஆச்சி பின்னால் வந்து நின்றுவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே படித்தார். அவருக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே.

“ஐப்பசிலேருந்தா?”

“நோட்டிபிகேஷன் ஆயிரம் வரும் ஆச்சி. யாரு பாக்குறா? நானே பாக்க மாட்டேன். எங்க அம்மா அனுப்புற குட் மார்னிங்கைக்கூடத் தள்ளி விட்டுருவேன்.”

“ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் பேசுறாங்க ஷர்லி. சாப்பிட்டீங்களான்னு கேக்குறாங்க. மாத்திரை போட்டீங்களான்னு கேக்குறாங்க.”

“அதான் ஆச்சி. நல்ல பிள்ளைகதான்.”

“நல்ல பிள்ளைகதான். யாரு இல்லேன்னா?” என்றார் ஆச்சி. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். “நான் பயந்துக்கிட்டே கெடந்தேன். பாத்துருவாங்க, பாத்துருவாங்க, வந்து கூட்டிக்கிட்டுப் போயிருவாங்கன்னு. ராத்திரி தூக்கம் இல்லை. பாக்கவே இல்லை பாரேன்.”

அழுதார் என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். ஷர்லிக்கு வாசித்துக் காட்டியபோது நிறுத்தச் சொன்னாள். “அழல சார். சிரிச்சாங்க. அதான் எனக்குத் தாங்கல.”

அதற்குப் பிறகு ஆச்சி சொன்னார்: “ஏதாச்சும் ஒண்ணை எடுத்துரு. எதை எடுத்தேன்னு எங்கிட்டச் சொல்லாதே.”

ஷர்லி எடுத்தாள். மிச்சமிருந்தது ஆன் ஆயிற்று. ஒரு குறையும் இல்லாமல், இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்கிற மாதிரி ஆன் ஆயிற்று. மூலையில் நிற்பது கேடயமா குடையா என்று தெரியாதபடி அந்தப் படத்தையும் மறைத்துவைத்தாள்.

எதை எடுத்தாய் என்று நானும் கேட்டேன். எழுத்தாளன் என்ற உரிமையில் கேட்டேன், வேலை கொடுக்கிறேன் என்று ஆசை காட்டிக் கேட்டேன், கோபித்துக்கொண்டும் கேட்டேன். “போங்க சார்” என்றாள்.

8

கிளம்பும்போது ஆச்சி ஷர்லியின் கையைப் பிடித்தார். “கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயேன். இப்ப செய்தி போயிருக்கும்ல? போன் வந்தா நீ எடு. நான் கோயிலுக்குப் போயிருக்கேன்னு சொல்லு.”

போனை மேஜை மேல் வைத்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆச்சிக்கு அது அடிக்குமோ என்று பயம். அடிக்காதோ என்றும் பயம். எது பெரிய பயம் என்று ஷர்லிக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. காபி வந்தது, குடித்தார்கள். கந்தர்வகோட்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஷர்லிக்கு அழைப்பு வந்தபோது ஆச்சி துள்ளி எழுந்துவிட்டாராம். பிறகு உட்கார்ந்துகொண்டார்.

“நான் வாரேன் ஆச்சி.”

“போயிட்டு வா. மெதுவாப் போ, ரோட்ல மாடு நிக்கும்.”

ஷர்லிக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான்.

9

முடிவுகள்.

(அ) போன் அடிக்கிறது. மகன். “ஆத்தா, ஏன் எடுத்தீங்க?” என்று கத்துகிறான். ஆச்சி கோயிலுக்குப் போகாமல் தானே பேசுகிறார்.

(ஆ) போன் அடிக்கிறது. மகள். மற்றதெல்லாம் மேலே உள்ளபடி.

(இ) செய்தியைப் பார்த்த பிள்ளை பதறிப்போய், வேறு வழியில்லாமல், இத்தனை காலம் பேசாத உடன்பிறப்பைக் கூப்பிடுகிறது. “ஆத்தாவுக்கு என்ன ஆச்சு தெரியுமா?” இருவரும் அழுகிறார்கள், ஒரே காரில் திருமயத்துக்கு—

இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அரைப் பக்கம் ஓடியது. பிறகு களைப்பாகிவிட்டது. ஒரு மென்பொருளை நீக்கினால் ஒரு குடும்பம் சேர்ந்துவிடும் என்றால் உதவிப் பக்கத்திலேயே அதை ஒரு வழிமுறையாகப் போட்டிருப்பார்களே.

(ஈ) அன்று போன் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அடித்தது. சாப்பிட்டீங்களா ஆத்தா. சாப்பிட்டேன்ப்பா. மாத்திரை? போட்டேன்.

இதுதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறதே என்று எனக்குக் கோபமாகவும் வருகிறது. எந்தப் பிள்ளை மீது என்று தெரியாததால் ஆளில்லாத கோபம். ஷர்லியிடம், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாயேன் என்றேன். “நீங்க போங்க சார், ஸ்கூட்டி வேணா தாரேன்” என்றாள். நான் போகவில்லை. கதவைத் திறக்கிற ஆச்சியிடம் என்னை யாரென்று சொல்வது? உங்கள் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன், முடிவு கிடைக்கவில்லை என்றா?

10

போன் அடித்தது என்று எழுத எனக்கு இரண்டு சொல் போதும். எழுத மாட்டேன். நான் எழுதினால் அது காகிதத்தில் அடிக்கும், ஆச்சி வீட்டு மேஜையில் அடிக்காது.

இந்தக் கதையை முடிக்க என்னால் ஆகாது. ஆகிறவர் ஒருவர் இருக்கிறார். இதை வாசிக்கிறவர்களில் ஒருவராக இருக்கலாம். சென்னையிலோ பெங்களூரிலோ, மீட்டிங் முடிந்து காருக்காகக் காத்திருக்கிற நேரத்தில் வாசித்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் கணபதி இல்லை, அபிராமி இல்லை. சரி. உங்கள் ஆத்தாவுக்கு வேறு பெயர், ஊர் அறந்தாங்கிப் பக்கம், நீங்கள் போட்டுக்கொடுத்தது வைரஸ் தடுப்பு இல்லை, கேமரா. அதுவும் சரி.

போன் கையில்தானே இருக்கிறது? பார்க்காமல் தள்ளிவிட்டதெல்லாம் எங்கே கிடக்கிறது என்று ஒரு தடவை தேடுங்கள். சிவப்பாக ஏதாவது இருக்கும். இருந்தால் நான் எழுதியதை இந்த இடத்திலேயே மூடிவைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை இல்லையே, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசிக்காதீர்கள்.

ஏன் எடுத்தீங்க என்று திட்டினால்கூடப் போதும்.